மெலோடியனில் ஆங்கில நாட்டார் மெட்டுகள்: துருத்தியிடம் கற்றவை

ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தால் மெலோடியன் என்ற சிறிய பட்டன் அக்கார்டியன் சீக்கிரம் கைக்கு வந்துவிடும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ரீடு வைத்த வாத்தியங்கள். துருத்தியை அசைத்தால் காற்று போய் உலோக நாக்கு அதிர்ந்து ஒலி வரும். ஆனால் உறவு கிட்டத்தட்ட அதோடு முடிந்துவிடுகிறது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம், அவ்வளவுதான். துருத்தியை எப்படி அசைத்தாலும் சுரம் மாறாது. மெலோடியனில் ஒரே பட்டனை அழுத்தியபடி துருத்தியைத் தள்ளினால் ஒரு சுரம் வரும், இழுத்தால் வேறொரு சுரம் வரும். உள்ளே ஒவ்வொரு ரீடு தகட்டிலும் இரண்டு நாக்குகள் உண்டு. ஒன்று உள்ளே வரும் காற்றுக்குப் பேசும், மற்றது வெளியே போகும் காற்றுக்குப் பேசும். அதனால் மெட்டு பாதி விரலில் இருக்கிறது, பாதி துருத்தியில் இருக்கிறது. ஆங்கில நாட்டார் மெட்டுகளைப் பொறுத்தவரை துருத்தியின் பங்கு பாதிக்கும் மேல் என்றே சொல்வேன்.

நான் ஆக்ஸ்ஃபோர்டில் வசிக்கிறேன். ஊரில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசித்துப் பழகிய கை. இங்கே மே முதல் தேதி காலை ஆறு மணிக்கு மாட்லின் கல்லூரிக் கோபுரத்தின் உச்சியில் நின்று பாடகர் குழு பாடும். பாட்டு முடிந்ததும் கூட்டம் கலைந்து தெருக்களில் பரவும், அங்கங்கே மாரிஸ் என்ற ஆங்கில நாட்டார் நடனக் குழுக்கள் ஆடத் தொடங்கும். வெள்ளை உடை, முழங்காலுக்குக் கீழே சலங்கைப் பட்டை, கையில் கைக்குட்டை அல்லது கழி. அந்த ஆட்டத்துக்கு நடுவில் மார்போடு பெட்டியை அணைத்துக்கொண்டு ஒருவர் வாசிப்பார். தெரு முழுக்க அது ஒன்றே போதும். அந்தச் சத்தத்தில் இருந்த துள்ளல்தான் என்னை இதற்குள் இழுத்தது.

இங்கிலாந்தில் மெலோடியன் என்றால் பெரும்பாலும் இரண்டு வரிசைப் பெட்டி. வெளி வரிசை டி சுருதி, உள் வரிசை ஜி சுருதி. வலது கைக்குப் பொதுவாக 21 பட்டன், இடது கைக்கு 8. ஃபிடில் (வயலின்) வாசிப்பவர்களுக்கு டி, ஜி இரண்டும் சௌகரியமான சுருதிகள் என்பதால் அவர்களோடு சேர்ந்து வாசிக்க இந்த அமைப்பு தோதானது. நம் கணக்கில் சொன்னால் உள் வரிசையின் ஸட்ஜம் வெளி வரிசையின் மத்யமம்.

டி வரிசையில் டி-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள். ச, க, ப மூன்றும் தள்ளும்போது வரும். ரி, ம, த, நி நான்கும் இழுக்கும்போது வரும். சங்கராபரணத்தின் ஆரோகணத்தை வாசித்தால் துருத்தி இப்படிப் போகும்: ச தள்ளு, ரி இழு, க தள்ளு, ம இழு, ப தள்ளு, த இழு. இதுவரை ஊஞ்சல் மாதிரி ஒழுங்காகப் போகும். நி வரும் இடத்தில் ஒழுங்கு புரண்டுவிடும். நி-யும் இழுப்புதான். இரண்டு இழுப்பு அடுத்தடுத்து வந்த பிறகே மேல் ச தள்ளலில் கிடைக்கும். அதுமட்டுமல்ல, கீழே ஒவ்வொரு பட்டனிலும் தள்ளல் முதலில், இழுப்பு அடுத்து. நான்காவது பட்டனில் இழுப்பு முதலில், தள்ளல் அடுத்து. இந்த ஒரு திருப்பத்தைக் கை மறக்காத அளவுக்குப் பழக்கிவிட்டால் முதல் சில மாதங்களின் பெரிய வேலை முடிந்தது. சரளி வரிசையை அப்படியே இதில் வாசித்துப் பழகலாம். ஜண்டை வரிசை இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரே சுரத்தை இரண்டு முறை தட்டும்போது துருத்தியைத் திருப்பாமல் விரலால் பிரிக்கக் கற்றுக்கொள்கிறோம். தாட்டு வரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவு சிக்கல் எதற்கு, எந்தத் திசையிலும் ஒரே சுரம் தருகிற பியானோ அக்கார்டியன் இருக்கிறதே என்று கேட்கலாம். அதில்தான் விஷயமே இருக்கிறது. துருத்தி திரும்பும்போது ஒலி ஒரு கணம் அறுந்து மறுபடி பிறக்கிறது. பிறக்கும் சுரத்துக்கு ஒரு தட்டு விழுகிறது. போல்கா, ஜிக் போன்ற ஆங்கில நடன மெட்டை ஒரே வரிசையில் வாசித்தால் இந்தத் தட்டுகள் மெட்டு முழுக்க வந்துகொண்டே இருக்கும். ஆடுபவர்களுக்குக் காலைத் தூக்கிவிடுவது இதுதான். ஆர்மோனியக் கைக்கு ஒலியை இடைவிடாமல் ஓடவிடும் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். நான் போய்ச் சேர்ந்த மாரிஸ் குழுவில் பல ஆண்டுகள் ஆடிய ஒரு பெரியவர் முதல் மாதத்திலேயே என்னிடம் இப்படிச் சொன்னார்: “துருத்தி திரும்புவதை மறைக்கப் பார்க்காதீர்கள். அது திரும்புகிற சத்தத்தில்தான் என் கால் தரையை விட்டுக் கிளம்புகிறது.” இன்றுவரை புதிதாகக் கற்பவர்களிடம் நான் சொல்வதும் இதையேதான்.

எந்தப் பெட்டி வாங்குவது? இங்கே பழைய பெட்டிகளில் அதிகம் புழங்குவது ஜெர்மனியின் ட்ராஸிங்கன் ஊரில் 1857-ல் தொடங்கிய ஹோனர் நிறுவனத்தின் பெட்டிகள். அதில் போக்கர்வொர்க் என்று எல்லோரும் அழைக்கிற பூ வேலைப்பாடு போட்ட மாடலை, பப்பில் கூடி வாசிக்கும் செஷன் ஏதாவது ஒன்றில் நிச்சயம் பார்ப்பீர்கள். பழையது சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கும். இத்தாலியின் கஸ்தன்யாரி குடும்பத்தார் செய்கிற பெட்டிகள் கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரியும், விலையோ ஆயிரங்களில் போகும். முதல் பெட்டிக்கு என் சிபாரிசு நன்றாகச் சரிபார்த்த பழைய ஹோனர். வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்தப் பட்டனையும் அழுத்தாமல் பெட்டியைத் தூக்கிப் பிடித்தால் துருத்தி தன் எடைக்குத் தானாக விரியக்கூடாது. விரிந்தால் காற்று கசிகிறது, வாசிக்கும்போது பாதி மெட்டில் மூச்சு வாங்கும். அடுத்து, ஒவ்வொரு பட்டனையும் இரண்டு திசையிலும் மெதுவாகப் பேசவைத்துப் பாருங்கள். மெல்லிய காற்றிலும் பேசுகிற ரீடுதான் நல்ல ரீடு. மூன்றாவது, அலை. ஒரே சுரத்துக்கு இரண்டு ரீடுகளைச் சற்று விலக்கிச் சுருதி சேர்த்திருப்பார்கள், அதனால் ஒலியில் ஒரு நடுக்கம் இருக்கும். பழைய ஹோனர்களில் இந்த அலை அகலமாக இருக்கும். தம்பூராவில் சுருதி சேர்த்து வளர்ந்த காதுக்கு இது தொடக்கத்தில் உறுத்தும். எனக்குக் குறைந்த அலைதான் பிடிக்கும். ஆனால் திறந்தவெளியில் சலங்கைச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் மேலே கேட்க அகலமான அலை உதவுகிறது என்பதையும் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

பெட்டியைப் பராமரிப்பது பெரிய வித்தை அல்ல. வெயிலில் நிறுத்திய காரில் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பல பெட்டிகளில் ரீடு தகடுகளை மெழுகால்தான் ஒட்டியிருப்பார்கள், சூட்டில் அது இளகிவிடும். ஈரமும் ஆகாது, ரீடு துருப்பிடிக்கும். பட்டனை அழுத்தாமல் துருத்தியை பலவந்தமாக இழுக்கவோ தள்ளவோ கூடாது.

இடது கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தனியாக வாசித்துப் பழகுகிறவர்கள் இதைத்தான் கடைசிக்குத் தள்ளுவார்கள். எட்டு பட்டன்களும் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று பேஸ் (கீழ் ஸ்தாயி ஒற்றைச் சுரம்), பக்கத்தில் அதன் கார்டு (சில சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது). இவையும் திசைக்கு ஏற்ப மாறும். வழக்கமான அமைப்பில் ஜி கார்டு தள்ளும்போது மட்டும், ஏ கார்டு இழுக்கும்போது மட்டும். டி கார்டு இரண்டு திசையிலும் கிடைக்கும், வேறுவேறு பட்டனில். வலது கையில் எந்தச் சுரத்தை எந்த வரிசையில் எடுப்பது என்பதை இதுவே பாதி தீர்மானித்துவிடும். இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டால் எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஆகிய நான்கும் ஒரு வரிசையில் தள்ளலாகவும் மற்றதில் இழுப்பாகவும் இருக்கும். டி இரண்டிலும் தள்ளல்தான். ஈ இரண்டிலும் இழுப்புதான். ஆக, டி-யும் ஈ-யும் அடுத்தடுத்து வந்தால் துருத்தியைத் திருப்பாமல் தப்பிக்க வழியே இல்லை. மற்ற நான்கில் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. அந்தச் சுதந்திரத்தை எங்கே பயன்படுத்துவது, எங்கே வேண்டாம் என்று விடுவது என்பதில்தான் ஒருவருடைய வாசிப்பு இன்னொருவருடையதிலிருந்து பிரிகிறது.

இடது கை சத்தம் குட்டையாக இருக்கட்டும். பேஸ் பட்டனைச் சுடுகிற கல்லைத் தொட்டதுபோலத் தொட்டு விட்டுவிடுங்கள். பேஸ் தாளத்தில் விழும், கார்டு இடையில் விழும். இரண்டுக்கும் நடுவில் காலி இடம் இருக்கவேண்டும். அந்தக் காலி இடம் இல்லாவிட்டால் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ஆட்டம் தரையோடு ஒட்டிக்கொண்டுதான் போகும். சில மெட்டுகளில் எட்டு பாருக்கு (பார் என்பது மெட்டின் ஒரு தாள அளவு) இடது கையை முழுதாக எடுத்துவிட்டு, திரும்பி வரும்போது சேர்ப்பேன். சேரும் இடத்தில் ஆடுபவர்களின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இடது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு காற்றுப் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் சுரம் எதுவும் வராமல் துருத்தி விரியும், சுருங்கும். தொடக்கத்தில் இதைப் பெட்டியை மூட மட்டும் உபயோகிப்பார்கள். உண்மையில் பாடகருக்கு மூச்சு எப்படியோ அப்படித்தான் மெலோடியன்காரருக்கு இது. மெட்டில் இழுப்பு சுரங்கள் தொடர்ந்து வரும் இடங்கள் இருக்கும், தள்ளல் சுரங்கள் தொடர்ந்து வரும் இடங்களும் இருக்கும். இழுப்பு அதிகமாக வரப்போகிறது என்றால், அதற்கு முந்தைய தள்ளலிலேயே காற்றுப் பட்டனை லேசாகத் தொட்டு துருத்தியைக் குறுக்கிக்கொள்ளவேண்டும். எல்லாம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடக்கவேண்டும், சுரம் மெலியக்கூடாது. இதற்கு நான் கண்ட வழி, மெட்டைக் கற்கும்போதே காற்று எடுக்கும் இடங்களையும் மெட்டின் பகுதியாகவே மனப்பாடம் செய்வது. விரல் எங்கே போகிறது என்பதைப் போலவே கட்டைவிரல் எங்கே அழுத்துகிறது என்பதும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வரவேண்டும். துருத்தி எப்போதும் அரைக்கால் விரிப்பு முதல் பாதி விரிப்பு வரை இருந்தால் போதும். முழுக்க விரித்துவிட்டால் திருப்புவது கனமாகிவிடும், துள்ளல் போய்விடும். உட்கார்ந்து வாசிக்கும்போது பெட்டியின் அடியை இடது தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். நின்று வாசிக்க இரண்டு தோள்பட்டை வார்களும் இருப்பது முதுகுக்கு நல்லது.

மெட்டுகளுக்கு வருவோம். பெரும்பாலானவற்றின் கட்டமைப்பு ஒன்றே: முதல் பகுதி எட்டு பார், அதை இரண்டு முறை. இரண்டாம் பகுதி எட்டு பார், அதையும் இரண்டு முறை. மொத்தம் 32 பார். கெய்லி என்ற கூட்டு நடன நிகழ்ச்சிகளில் ஆட்டத்தின் ஒரு சுற்று இந்த 32 பாருக்கு அளந்துவைத்ததுபோல அமைந்திருக்கும். ஜிக் என்பது திஸ்ர நடை. போல்காவும் ரீலும் சதுஸ்ரம். ஹார்ன்பைப்பை எழுதியிருப்பதுபோலச் சமமாக வாசிக்காமல் ஒரு சுரத்தை நீட்டி அடுத்ததைக் குறுக்கி வாசிப்பார்கள், ஆங்கில ஹார்ன்பைப்பின் அழகே அந்த நீட்டலிலும் குறுக்கலிலும் இருக்கிறது.

முதலில் டெர்பிஷயரின் வின்ஸ்டர் கிராமத்து மாரிஸ் மெட்டான ‘வின்ஸ்டர் காலப்’பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி வரிசையிலேயே அடங்கும், எந்த செஷனிலும் எல்லோருக்கும் தெரியும். அடுத்து ‘ஷெப்பர்ட்ஸ் ஹே’. மூன்றாவதாக ‘ஸ்பீட் த ப்ளவ்’. அதில் விரலுக்கு வேலை கொஞ்சம் அதிகம், துருத்திக்கு இன்னும் அதிகம். இந்த மூன்றையும் நோட்டுப் பார்க்காமல், இடது கையோடு, பேச்சு கொடுத்தாலும் நிற்காத அளவுக்கு வாசித்த பிறகு நான்காவதுக்குப் போகலாம். முப்பது மெட்டை அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பவரைவிட மூன்று மெட்டைத் திடமாக வாசிப்பவரைத்தான் ஆடுபவர்கள் கூப்பிடுவார்கள்.

காதால் கற்பது நமக்கு இயல்பு. குரு பாட, நாம் திருப்பிப் பாடி வளர்ந்தவர்கள். ஆனால் நம் காது கமகத்தைத் தேடும். மெலோடியனில் சுரத்தை வளைக்க முடியாது, அசைக்கவும் முடியாது. இங்கே எனக்கு உதவியது முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்கள். கம்பெனிக் காலத்தில் சென்னைப் பக்கம் ஒலித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் அமைத்தார். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்தது. சிறுவயதில் பாடம் செய்த அந்தப் பாடல்களில் கமகம் கிடையாது, சுரம் நேராக நிற்கும். நேரான சுரத்தில் ரசனைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அவற்றை ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டு ஆங்கில மெட்டுக்கு வந்தால் மனம் சண்டை போடாது.

இப்படி மெட்டுகள் இடம் மாறுவது இங்கேயும் சகஜம். சஸ்ஸெக்ஸில் வார்ன்ஹம் என்ற கிராமம். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் மைக்கேல் டர்னர் என்பவர் தேவாலய எழுத்தராக இருந்தார், ஃபிடிலும் வாசித்தார். அவர் பெயரில் ஒரு வால்ட்ஸ் இன்று செஷன்களில் எல்லோருக்கும் பிரியமானது. கிராமத்து மெட்டு என்றே அது வழங்குகிறது. ஆனால் அது மோட்சார்ட் எழுதிய ஜெர்மன் நடன இசையிலிருந்து வந்தது. வியன்னாவின் நடன மண்டபத்துக்காக எழுதியது சஸ்ஸெக்ஸ் கிராமத்து ஃபிடில்காரர் கைக்கு வந்து, அங்கிருந்து மெலோடியனுக்கு வந்திருக்கிறது. இந்த வால்ட்ஸை மெதுவாக, துருத்தியை நீளமாக இழுத்து வாசித்துப் பாருங்கள். துள்ளல் மட்டுமே இந்தப் பெட்டியின் குணம் என்று நினைத்திருந்தால் அந்த எண்ணம் மாறும்.

மெட்டுகளைத் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே புதையல் நிறைய. ஜான் பிளேஃபோர்ட் 1651-ல் லண்டனில் வெளியிட்ட நடனப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். கிராமத்து ஃபிடில்காரர்கள் தங்களுக்காக எழுதிவைத்த கையெழுத்து நோட்டுகள் பல பிழைத்திருக்கின்றன. நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் குடும்பம் டார்செட்டில் வாசித்த மெட்டுகளின் நோட்டும் அவற்றில் ஒன்று. லண்டன் கேம்டன் பகுதியில் 1930-ல், நாட்டார் மெட்டுகளைத் திரட்டிய செசில் ஷார்ப் பெயரில் திறந்த செசில் ஷார்ப் ஹவுஸில் இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ் பெயரிலான நூலகம் இருக்கிறது. இசையும் நடனமும் சேர்ந்த அந்தக் கட்டடத்துக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெட்டியில் இன்னொரு சந்தோஷம் காத்திருக்கிறது. இதில் இருப்பது அடிப்படையில் இரண்டு சங்கராபரணங்கள். ஆனால் கிரக பேதம் செய்தால், அதாவது ஆதார ஸட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றினால், மற்ற ராகங்களின் அளவு சுரங்கள் தானாக வெளியே வரும். ஜி அளவின் சுரங்களை வைத்துக்கொண்டு டி-யை ஆதாரமாக்கினால் ஹரிகாம்போஜி. ஏ-யை ஆதாரமாக்கினால் கரஹரப்பிரியா. ஈ-யை ஆதாரமாக்கினால் நடபைரவி. ஆங்கில மெட்டுகளில் இந்த மூன்று அளவுகளும் வருகின்றன. நோட்டில் டி என்று போட்டிருந்தும் சி-க்கு ஷார்ப் இல்லாத மெட்டு வந்தால் இங்குள்ளவர்கள் மிக்ஸலிடியன் என்பார்கள். நான் மனதுக்குள் கைசிகி நிஷாதம் என்று சொல்லிக்கொள்வேன், விரல் சரியாக உள் வரிசைக்குப் போய்விடும், ஏனென்றால் அந்த சி அங்கேதான் இழுப்பில் இருக்கிறது. ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஆபட்ஸ் ப்ராம்லி கிராமத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கலைமான் கொம்புகளைத் தூக்கிக்கொண்டு ஆடும் கொம்பு நடனம் உண்டு. கார்பன் சோதனையில் கொம்புகள் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. அந்த நடனத்தின் பெயரில் வழங்கும் பழைய மெட்டை ஈ-யை ஆதாரமாக வைத்து வாசிப்பது வழக்கம். பெட்டி சிரிப்பதை நிறுத்திவிட்டு யோசிக்கத் தொடங்குவது அந்த மெட்டில்தான்.

பழைய வாசிப்பாளர்களைக் கேட்காமல் யாரும் இந்தப் பாணியைக் கற்க முடியாது. சஃபோக்கின் ஆஸ்கர் வுட்ஸ், நார்ஃபோக்கின் பெர்சி பிரவுன், டார்ட்மூரின் பாப் கேன் ஆகியோரின் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. கிழக்கு ஆங்கிலியப் பகுதியில் பப்பின் நடுவில் ஒருவர் காலணியால் தரையில் தாளம் போட்டுத் தனியாக ஆடுவார், மெலோடியன்காரர் அவருக்கு மட்டும் வாசிப்பார். அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது சுரங்களை எண்ணாதீர்கள். எங்கே விட்டுவிடுகிறார்கள் என்று கவனியுங்கள். அலங்காரம் மிகக் குறைவு. தாளம் மட்டும் கல்லில் பதித்ததுபோல நிற்கும். இந்தத் தலைமுறையில் ஜான் கிர்க்பாட்ரிக்கும் ஆண்டி கட்டிங்கும் இரண்டு வேறு உலகங்களைக் காட்டுவார்கள். கிர்க்பாட்ரிக்கிடம் மாரிஸ் நடனத்தின் முழு வலுவும் இருக்கிறது. கட்டிங் துருத்தியைக் குரல்போலப் பேசவைப்பார். இரண்டு பேரையும் கேளுங்கள், ஆனால் பழையவர்களைக் கேட்ட பிறகு கேளுங்கள்.

பப் செஷனுக்குப் போகத் தயங்கவேண்டாம். பழக்கவழக்கம் எளிமையானது. மெட்டைத் தொடங்கியவரே அதை நடத்துவார், பொதுவாக மூன்று சுற்று, அப்புறம் அடுத்த மெட்டு. தெரியாத மெட்டு என்றால் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கலாம், அதை யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். மெலோடியன் சத்தமான வாத்தியம். பக்கத்தில் ஃபிடில் இருந்தால் இடது கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு மெலோடியன் ஒரே மேசையில் சேர்ந்தால் மூவர் சும்மா இருந்து ஒருவர் வாசிப்பதுதான் அழகு. என் நிறத்தையும் பெயரையும் பார்த்து எங்கே இதைக் கற்றீர்கள் என்று ஆர்வமாகக் கேட்டவர்கள் உண்டு. கேள்வி முடிந்ததும் அடுத்த மெட்டு நீங்கள் தொடங்குங்கள் என்பார்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஆடுபவர்களுக்கு வாசிப்பது. நான் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஹெடிங்டன் குவாரி. 1899 டிசம்பர் 26 அன்று செசில் ஷார்ப் அங்கே தன் மாமியார் வீட்டில் இருந்தபோது வாசலில் ஒரு மாரிஸ் குழு ஆடியது. மாரிஸ் ஆடுவது வசந்தம் வந்த பிறகுதான் வழக்கம். அந்தக் குளிரில் கட்டட வேலை நின்றுபோய்க் கையில் காசில்லாததால் பருவம் தப்பி ஆட வந்திருந்தார்கள். வாசித்தவர் வில்லியம் கிம்பர், கொத்தனார், வயது இருபதுகளில். ஷார்ப் அவரை மறுநாள் வரச்சொல்லி மெட்டுகளை எழுதிக்கொண்டார். ஆங்கில நாட்டார் நடனங்களைத் திரட்டும் அவருடைய வேலை அந்த வாசலிலிருந்து வளர்ந்தது. கிம்பர் வாசித்தது ஆங்லோ கான்செர்ட்டினா என்ற சிறிய துருத்தி வாத்தியம். உருவம் வேறு, ஆனால் அதுவும் தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் ஒரு சுரம் தருவது. 1961-ல் காலமான அவரை அதே ஊரின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

கிம்பரின் ஒலிப்பதிவு இருக்கிறது. ஆடத் தெரிந்த ஒருவரின் வாசிப்பு என்பது முதல் பாரிலேயே தெரிந்துவிடும். கால் மேலே போகும் இடத்தில் சுரம் லேசாகும், தரையைத் தொடும் இடத்தில் கார்டு வந்து தாங்கும். இதை அறையில் உட்கார்ந்து கற்க முடியாது. மாரிஸ் குழுக்கள் குளிர்காலம் முழுக்க வாரம் ஒருநாள் பயிற்சி செய்யும். புதிய வாசிப்பாளரை வரவேற்காத குழுவை நான் இதுவரை பார்த்ததில்லை. முதல் சில வாரங்கள் வாசிக்கவேண்டாம், ஆடுங்கள். கைக்குட்டை நடனம் ஒன்று, கழி நடனம் ஒன்று கற்றுக்கொண்டு அப்புறம் பெட்டியைத் தொடுங்கள். எந்த வேகத்தில் வாசித்தால் முழங்கால் வலிக்கும், எந்த வேகத்தில் உடம்பு தானாக எழும் என்பது உங்கள் காலுக்கே தெரிந்துவிடும். வேகம் குழுவுக்குக் குழு வேறு. மழையில் நனைந்த புல்லில் ஒரு வேகம், கல் பாவிய தெருவில் வேறு வேகம்.

நடனம் தொடங்கும் முன் முதல் பகுதியை ஒருமுறை வாசிப்பது வழக்கம். ஆடுபவர்கள் அசையாமல் நிற்பார்கள். அந்த எட்டு பாரில் நீங்கள் கொடுக்கும் வேகம்தான் ஆட்டம் முழுக்க. ஆகவே கை சூடாகட்டும் என்று மெதுவாகத் தொடங்கி வேகம் எடுக்கிற பழக்கம் இங்கே ஆகாது. தொடங்கும் முன் ஆடும் அடியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பார்வை பட்டனில் இருக்கக்கூடாது. ஆடும் ஆறு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் கால்களை மட்டும் பாருங்கள்.

சில நடனங்களில் ஒருவரோ இருவரோ முன்னே வந்து உயரத் தாவும் பகுதி வரும். அப்போது மெட்டை இரண்டு மடங்கு நீட்டி வாசிக்கவேண்டும். தாளக் கருவி எதுவும் அங்கே உதவாது. ஆடுபவர் கனமானவரா, இளைஞரா, களைத்துவிட்டாரா என்பதைப் பொறுத்துக் காற்றில் நிற்கும் நேரம் மாறும். அவர் தாவுவதற்கு முன் முழங்காலை மடிப்பதைப் பாருங்கள், அங்கே சுரத்தை அழுத்தித் தொடங்கி, அவர் மேலே இருக்கும் வரை பிடித்திருந்து, பாதம் தரையைத் தொடும்போது அடுத்த சுரத்துக்குத் திரும்புங்கள். அந்த நீண்ட சுரத்துக்குத் துருத்தியில் காற்று மிச்சம் இருக்கவேண்டும். அதனால் இரண்டு பாருக்கு முன்னாலேயே கட்டைவிரல் தன் வேலையை முடித்திருக்கவேண்டும். சுரம் இழுப்பில் வருவதானால் துருத்தி குறுகியும், தள்ளலில் வருவதானால் விரிந்தும் தயாராக இருக்கட்டும். ஒவ்வொரு தாவல் மெட்டுக்கும் இதைத் தனித்தனியாக, ஆடுபவர் ஒருவரை எதிரே நிறுத்திக்கொண்டு பழகுங்கள்.